இரண்டு ஜியான் போட்ட செஸ் கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (திருமங்கலம் வாசகர்): வணக்கம் சார். நான் கரஸ்பாண்டன்ஸ் செஸ் (நகர்த்தல்களை அனுப்பி நாள்கணக்கில் ஆடுவது) ஆடுகிறேன். அதற்கான உலகக் கூட்டமைப்பான ஐ.சி.சி.எஃப். நடத்தும் ஆட்டங்களில் செஸ் இன்ஜின் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதற்காகவே செகண்ட் ஹேண்டில் இரண்டு ஜியான் இ5-2680 வி4 (இன்டெலின் சர்வர் ப்ராசஸர்), இரண்டையும் செருகும் டூயல் சாக்கெட் சர்வர் போர்டு ஒன்று, 16 ஜிபி ராம் நான்கு வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின் ஓடும்போது 2.6, 2.7 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. விவரக் குறிப்பில் 3.3 என்று போட்டிருக்கிறான். பி.சி.எல்.கே. என்ற அடிப்படைக் கடிகாரத்தை ஏற்றினால் 4 வரைக்கும் கொண்டுபோகலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இப்படி வேகத்தை ஏற்றி ஓவர்கிளாக் செய்யலாமா? எத்தனை எலோ (ஆட்டத் திறன் புள்ளி) கூடும்?

பதில்: 4 கிகாஹெர்ட்ஸ் நடக்காது. நண்பர் வேறு ஏதோ ப்ராசஸரை மனதில் வைத்துப் பேசுகிறார்.

இ5-2600 வரிசை ஜியான்கள் எல்லாமே மல்டிப்ளையர் (அடிப்படைக் கடிகாரத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) பூட்டித்தான் வருகின்றன. முந்தைய வி3 தலைமுறையில் பூட்டில்லாத ஜியானும் இருக்கத்தான் செய்கிறது, இ5-1650 வி3 மாதிரி, ஆனால் அது ஒற்றை சாக்கெட்டுக்கு மட்டும், இரண்டு போட முடியாது. மிச்சம் இருப்பது பி.சி.எல்.கே. எனப்படும் அடிப்படைக் கடிகாரம், 100 மெகாஹெர்ட்ஸ். உங்கள் தலைமுறையில் இந்தக் கடிகாரத்தை நம்பித்தான் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸும் மற்ற இணைப்புகளும் ஓடுகின்றன, அதனால் 103, 104 என்று ஏற்றும்போதே எஸ்.எஸ்.டி. காணாமல் போவது, நெட்வொர்க் கார்டு முரண்டு பிடிப்பது, அதைவிட மோசமாக ஒன்றும் ஆகாத மாதிரியே ஓடிக்கொண்டு டிஸ்க்கில் தப்பான தகவலை எழுதிவைப்பது என்று வரிசையாக வரும். பெரும்பாலான சர்வர் போர்டுகளின் பயாஸில் (போர்டிலேயே பதிந்திருக்கும் அமைப்பு மென்பொருள்) அந்த வசதியே இருக்காது, அந்த மட்டுக்கு நல்லது.

வி3 தலைமுறைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பயாஸிலிருந்து மைக்ரோகோடை (ப்ராசஸரின் உள் கட்டளைத் திருத்தங்கள்) எடுத்துவிட்டு எல்லா கோரையும் உச்ச டர்போவில் (ப்ராசஸர் தானே எட்டும் கூடுதல் வேகம்) ஓடவைப்பார்கள். உங்களிடம் இருப்பது வி4, அதில் இது பலிக்காது. வி3 வைத்திருப்பவர்களும் ஆசைப்பட வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாற்றிய பயாஸை ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டு போச்சு, பாதுகாப்புத் திருத்தங்களும் மைக்ரோகோடோடு சேர்ந்து போய்விடும், வாட் வரம்பு மட்டும் அப்படியே இருக்கும் என்பதால் ஸ்டாக்ஃபிஷ் மாதிரி கனமான வேலையில் ப்ராசஸர் எப்படியும் கீழே இறங்கித்தான் ஓடும்.

சரி, அந்த 3.3 என்ன ஆயிற்று? அது ஒன்றிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போது கிடைக்கும் டர்போ. 14 கோரும் சேர்ந்து ஓடினால் டர்போ சுமார் 2.9தான். அதோடு நிலையை எடைபோடும் ஸ்டாக்ஃபிஷின் நியூரல் வலைக் கணக்குகள், ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளை விடாமல் பயன்படுத்துகின்றன, அந்தக் கட்டளைகள் ஓடும்போது இந்த ஜியான்கள் சூட்டையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்தத் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் பார்க்கும் 2.6, 2.7 கோளாறு இல்லை. சிலர் இதைப் பார்த்துவிட்டு ஏவிஎக்ஸ்2 இல்லாத பழைய பில்டை (ப்ராசஸர் வகைக்கேற்பத் தொகுத்த வடிவம்) போட்டு, பார் 2.9 வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். கிகாஹெர்ட்ஸ் ஏறியிருக்கும், நொடிக்கு அலசும் நிலைகளோ நன்றாகக் குறைந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது எண். டாஸ்க் மேனேஜரை மூடிவிட்டு அதை மட்டும் பாருங்கள்.

எலோ கணக்குக்கு வருவோம். வேகம் இரட்டிப்பானால் 50 முதல் 70 எலோ என்று பழைய கணக்கு ஒன்று சொல்வார்கள், அது குறைந்த நேர ஆட்டங்களுக்கு. யோசிக்கும் நேரம் நீளநீள அந்த லாபம் தேய்ந்துகொண்டே போகும். பழைய கணக்கையே வைத்துக்கொண்டாலும் 3 சதவீத வேகத்துக்கு 2, 3 எலோ வரும், 10 சதவீதம் கிடைத்தாலும் 7, 8, அதிகபட்சம் 10. அந்த வித்தியாசம் நிஜம்தானா என்று உறுதி செய்யவே ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நீங்கள் ஆடுவதோ ஒரு நகர்த்தலுக்கு நாள்கணக்கில் நேரம் இருக்கிற கரஸ்பாண்டன்ஸ். அங்கே மேல்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில்தான் முடிகின்றன, ஏனென்றால் எதிரில் இருப்பவரிடமும் அதே ஸ்டாக்ஃபிஷ்தான். இன்ஜினை ராத்திரி பத்து மணிக்குப் பதில் ஒன்பதே காலுக்கு ஓடவிட்டால் ஓவர்கிளாக் தருகிற மிச்சம் முழுவதும் கையில் வந்துவிடுகிறது, காசே செலவில்லாமல்.

இதைவிட உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ராம் நான்கு. ஒவ்வொரு ப்ராசஸருக்கும் நான்கு மெமரி சேனல், இரண்டுக்கும் சேர்த்து எட்டு. நான்கு ராமையும் எங்கே செருகியிருக்கிறீர்கள்? அசெம்பிள் செய்கிறவர்கள் பலர் முதல் ப்ராசஸர் பக்கத்திலேயே நாலையும் போட்டுவிடுகிறார்கள். மெஷின் ஆன் ஆகும், 64 ஜிபியும் காட்டும், ஆனால் இரண்டாவது ப்ராசஸரின் 14 கோரும் ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டில் உப்பு கேட்டு வாங்கி வந்து சமைக்கிற கதைதான். செஸ் இன்ஜினின் ஹேஷ் டேபிள் (ஏற்கெனவே அலசிய நிலைகளைக் குறித்துவைக்கும் அட்டவணை) மெமரியில் தாறுமாறாக இங்கேயும் அங்கேயும் போய்த் தேடுகிற சங்கதி, நியூரல் வலைக் கோப்பும் பல பத்து எம்பி, ஆகவே இந்த அலைச்சல் வேகத்தில் தெரியும். இப்போதைக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரண்டாக, போர்டு புத்தகத்தில் சொன்ன ஸ்லாட்டில் மாற்றிப் போடுங்கள். கையில் காசு இருக்கும்போது இன்னும் நான்கு வாங்கி எட்டாக்கிவிடுங்கள். சர்வர்களிலிருந்து கழற்றிய இ.சி.சி. ரெஜிஸ்டர்டு ராம் (பிழை திருத்தும் சர்வர் வகை ராம்) சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது வேலை செய்யாது என்பதால் அதற்குப் போட்டியும் குறைவு.

அடுத்தது, எந்த விண்டோஸ் போட்டிருக்கிறீர்கள்? விண்டோஸ் 10 ஆனாலும் 11 ஆனாலும் ஹோம் பதிப்பு ஒரே ஒரு சாக்கெட்டைத்தான் பயன்படுத்தும். அப்படியிருந்தால் உங்கள் இரண்டாவது ஜியான் இத்தனை நாளாகச் சும்மா உட்கார்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. ப்ரோ பதிப்புக்கு மாறுங்கள், இல்லையென்றால் லினக்ஸ் போடுங்கள், செஸ்ஸுக்கு லினக்ஸே நன்றாக இருக்கும். அப்புறம் ஸ்டாக்ஃபிஷ் எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். 2024-ல் வந்த 17-ஆம் பதிப்பு இரண்டு சாக்கெட் இருப்பதைத் தானே கண்டுபிடித்து, நியூரல் வலையின் பிரதி ஒன்றை ஒவ்வொரு ப்ராசஸரின் சொந்த மெமரியிலும் வைத்துக்கொள்கிறது. இரட்டை சாக்கெட்காரர்களுக்குப் பெரிய வரம் அது. பில்டில் பி.எம்.ஐ.2 என்று போட்டதை எடுங்கள், உங்கள் வி4-க்கு அதுதான் சரி. (இதைப் படிக்கும் ஏ.எம்.டி. ரைசன்காரர்கள், முதல் இரண்டு ஜென் தலைமுறை என்றால் பி.எம்.ஐ.2 பில்டை எடுக்காதீர்கள், அதிலுள்ள ஒரு கட்டளை அந்த ப்ராசஸர்களில் ஆமை வேகம். ஏவிஎக்ஸ்2 பில்டே போதும்.) இன்னும் பழைய வி2 ஜியானை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க நினைப்பவர்களும் நில்லுங்கள், அதில் ஏவிஎக்ஸ்2 கிடையவே கிடையாது, கோர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு இன்ஜின் விண்டோவில் பெஞ்ச் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். கடைசியில் மூன்று எண் வரும், ஆன நேரம், மொத்தம் அலசிய நிலைகள், நொடிக்கு எத்தனை. வேகத்துக்கு மூன்றாவது. இரண்டாவதில்தான் விசேஷம்: ஒரே த்ரெட்டில் (ஒரே ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்படி) ஓட்டும்போது, ஒரே பதிப்பு ஸ்டாக்ஃபிஷ் எந்தக் கம்ப்யூட்டரில் ஓடினாலும் அந்த மொத்த எண் ஒன்று விடாமல் ஒரே மாதிரி வர வேண்டும். உங்கள் மெஷினிலும் நண்பரின் லேப்டாப்பிலும் வேறு வேறு எண் வந்தால், அல்லது இரண்டு முறை ஓட்டினால் இரண்டு விதமாக வந்தால், உங்கள் ப்ராசஸரோ மெமரியோ கணக்கில் பொய் சொல்கிறது. மெஷின் தொங்காமல், நீலத் திரை வராமல் இப்படிப் பொய் சொல்லும் மெஷின்தான் கரஸ்பாண்டன்ஸ்காரருக்கு மிக ஆபத்து. மூன்று ராத்திரி ஓடிய அலசலில் எந்த இடத்தில் தப்பு புகுந்தது என்று யார் கண்டுபிடிப்பது? (பல த்ரெட்டில் ஓட்டினால் எண் மாறத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வர் போர்டு என்பது பெட்டி முழுக்க இரைச்சலான ஃபேன்கள் காற்றை அடித்துத் தள்ளும் என்று நம்பி வடிவமைத்தது. வீட்டுக் கேபினெட்டில் வைக்கும்போது ப்ராசஸர் மேல் மட்டும் நல்ல கூலரைப் போட்டுவிட்டு, பக்கத்தில் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் வி.ஆர்.எம். பகுதியைக் காற்றே இல்லாமல் விட்டுவிடுகிறோம், முதலில் வேகுவது அதுதான். பல போர்டுகளில் இரண்டு சாக்கெட்டும் ஒரே வரிசையில் இருப்பதால் முதல் ப்ராசஸரின் சூடான காற்றைத்தான் இரண்டாவது குடிக்கிறது. முன்பக்கம் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ள, இது குறைந்தபட்சம். கூலர் வாங்கும்போது உங்கள் சாக்கெட்டின் பிடிமானம் சதுரமா நீளவாட்டமா என்று அளந்துகொண்டு போங்கள், சர்வர் போர்டுகளில் இரண்டும் உண்டு, ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் பொருந்தாது.

கேள்வி (மேலூர் வாசகர்): அப்படியென்றால் இரட்டை ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்வது எப்போதுமே முடியாத காரியமா? ஒரு காலத்தில் செய்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே.

பதில்: செய்தார்கள், அமர்க்களமாகச் செய்தார்கள். 1999-ல் அபிட் நிறுவனம் பி.பி.6 என்று ஒரு போர்டு விட்டது. இரண்டு செலரான் போடலாம். செலரான் இரட்டையாக ஓடுவதற்கென்று இன்டெல் விற்ற சரக்கே இல்லை, ஏழைகளுக்கான ஒற்றை ப்ராசஸர் அது, அபிட்காரர்கள் அதை ஜோடி சேர்த்துவிட்டார்கள். 366 மெகாஹெர்ட்ஸ் செலரானின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு ஏற்றினால் 550, அதுவும் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. அது 50 சதவீத லாபம், இன்றைக்குக் கனவிலும் கிடைக்காது. ஒரே சங்கடம், அப்போது எல்லோர் வீட்டிலும் இருந்த விண்டோஸ் 98-க்கு இரண்டாவது ப்ராசஸரைக் கண்ணுக்கே தெரியாது, விண்டோஸ் என்.டி. அல்லது லினக்ஸ் போட வேண்டும்.

பிறகு 2008-ல் இன்டெலே ஸ்கல்டிரெயில் என்ற பெயரில் இரண்டு குவாட் கோர் போடும் போர்டு விட்டது, 2010-ல் ஈ.வி.ஜி.ஏ. எஸ்.ஆர்-2 வந்தது, அதில் பழைய 1366 சாக்கெட் ஜியான்களை ஜோடியாக ஏற்றி ஓட்டினார்கள். அதற்கு அடுத்த தலைமுறையில் இன்டெல் கடிகாரத்தையும் மல்டிப்ளையரையும் இறுக்கிப் பூட்டியதும் இந்த விளையாட்டு அநேகமாக முடிந்தது. எங்காவது ஒரு எஸ்.ஆர்-2 கிடைத்தால் அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். செஸ்ஸுக்கு வாங்காதீர்கள், அந்த ஜியான்களிலும் ஏவிஎக்ஸ்2 இல்லை.

ஓவர்கிளாக் இல்லாமலேயே இரட்டை ப்ராசஸர் செய்த பெரிய காரியமும் ஒன்று உண்டு. 2006-ல் ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக்கை டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் புரோகிராம் 4–2 என்று ஜெயித்ததே, அது ஓடியது இரண்டு ஜியான் போட்ட மெஷினில்தான். நொடிக்குச் சுமார் 80 லட்சம் நிலைகள். 1997-ல் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ கம்ப்யூட்டர் செஸ்ஸுக்கென்றே செய்த 480 சிப்புகளோடு நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. ஒன்பது வருஷத்தில் அதில் 25-ல் ஒரு பங்கு வேகம் போதும் என்றாகிவிட்டது, காரணம் புரோகிராம் புத்திசாலியானது. கிராம்னிக் அந்தப் போட்டியில் ஒரே நகர்த்தலில் விழும் மேட் ஒன்றைக் கவனிக்காமல் விட்டார் என்பது வேறு கதை, அதற்கு எந்த ஜியானும் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி (வில்லாபுரம் வாசகர்): எங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை. சித்திரையில் மாடி அறை அடுப்பு மாதிரி இருக்கிறது. ராத்திரி முழுக்க செஸ் இன்ஜின் ஓட்டுகிறேன். ஏர் கூலரை கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைக்கலாமா? கரண்ட் பில்லும் எகிறுகிறது.

பதில்: கம்ப்யூட்டரின் நேர் எதிரே வைக்காதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு திவலையாகப் பறந்து போர்டில் வெள்ளையாகப் படியும். அறையின் மறுமூலையில், ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினால் பரவாயில்லை, மதுரை வெயில் வறண்ட வெயில் என்பதால் கூலர் நன்றாகவே வேலை செய்யும். ப்ராசஸர் அறையை விடச் சூடாகவே இருப்பதால் அதன் மேல் வியர்க்கும் என்ற பயம் வேண்டாம்.

ஹீட்சிங்க் எதுவானாலும் அறை வெப்பத்துக்கு மேல்தான் அதன் கணக்கு ஆரம்பிக்கும். மார்கழியில் 26 டிகிரி அறையில் 66-ல் நின்ற ப்ராசஸர், அதே வேலைக்கு 38 டிகிரி அறையில் 78-ஐத் தொடும். மார்கழியில் ஓவர்கிளாக் செய்து பார்த்துவிட்டு ஜெயித்துவிட்டேன் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் ஓட்டிக் காட்டட்டும்.

பில்லுக்கு வழி, வேகத்தைக் கூட்டுவதற்கு நேர் எதிரான காரியம். ப்ராசஸர் குடிக்கும் மின்சாரம் வேகத்தைப் பொறுத்தும், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால் சுமார் 33 சதவீதம் கூடுதல். இரண்டையும் 10 சதவீதம் இறக்கினால் கால் பங்குக்கு மேல் மிச்சம், அதற்கு நீங்கள் இழப்பது மேலே சொன்ன அந்த 7, 8 எலோ. பயாஸில் டர்போவை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். சுவரிலிருந்து 400 வாட் இழுக்கும் மெஷின் தினம் 10 மணி நேரம் ஓடினால் 4 யூனிட், இரண்டு மாத பில்லில் 240 யூனிட். இலவச யூனிட் அதில் ஒரு பகுதிக்குத்தான் வரும், மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்தே கட்டணம் உயர்ந்துவிடும். இரவில் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடுகிற வீட்டில் அந்த எல்லை ஒன்றும் தொலைவில் இல்லை.

வீட்டு இன்வெர்ட்டரில் இதை மாட்டாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கும் இப்போதைய எஸ்.எம்.பி.எஸ்.களுக்கும் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) ஒத்தே போகாது. தனியாக ஒரு சைன் வேவ் யு.பி.எஸ். வாங்கினால் அலசலை சேமித்து மூடப் பத்து நிமிஷம் கிடைக்கும், அது போதும்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகி): என் மகனுக்கு பத்து வயது, மாவட்ட அளவில் செஸ் ஆடுகிறான். பெரிய கம்ப்யூட்டர் ஒன்று அசெம்பிள் செய்து கொடுத்தால்தான் முன்னேற முடியும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார், அறுபதாயிரம் ஆகுமாம். கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: வாங்காதீர்கள் அம்மா. உங்கள் போனில் இலவசமாக ஓடும் ஸ்டாக்ஃபிஷே உலக சாம்பியனை ஜெயிக்கும், பத்து வயதுப் பையனுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். 2024-ல் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ் தன் தொடக்க ஆண்டுகளில் இன்ஜின் இல்லாமலேயே பயிற்சி எடுத்தவர், அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் பையன் தானே யோசித்துத் தப்பை நோட்டில் எழுதட்டும், பிறகு போனில் சரிபார்க்கட்டும். அந்தப் பணத்தில் வெளியூர்ப் போட்டிகளுக்குக் கூட்டிப் போங்கள். விற்கப் பார்ப்பவர் அந்தத் தெரிந்தவரேதான் என்றால் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை.

கேள்வி (ஒத்தக்கடை வாசகர்): ஏழு காய் எண்ட்கேம் டேபிள்பேஸ் (பலகையில் ஏழு காய் மிஞ்சும் நிலைகளுக்கெல்லாம் முடிவு எழுதிவைத்த தொகுப்பு) முழுவதையும் என் கம்ப்யூட்டரில் ஏற்ற எத்தனை ஜிபி ஹார்டு டிஸ்க் வேண்டும்?

பதில்: ஜிபியில் கேட்டுப் பயனில்லை, சிசிஜி என்ற டேபிள்பேஸ் வகையில் ஏழு காய்க்கு 17, 18 டெராபைட் ஆகும். ஆறு காய் வரை சுமார் 150 ஜிபி, ஐந்து காய் வரை ஒரு ஜிபிக்குள். ஆறு காயை ஒரு 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யில் போட்டுக்கொள்ளுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் இன்ஜின் ஒவ்வொரு தேடலுக்கும் காத்து நின்று வேகம் படுத்துவிடும்.